பகேரியா மொட்டைமாடிக்கு என்ன அடுப்பு?

தம்பி, சிசிலியில் பலெர்மோவுக்குக் கிட்ட இருக்கிற பகேரியாவில், அஸ்ப்ரா பக்கம் மொட்டைமாடியோடு வீடு கிடைத்திருக்கிறது, கடல் கண்ணுக்கு முன்னால், பஸ்குவெத்தாவுக்கு (உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள்) முதல் வெளியில் சமைத்துச் சாப்பிட எல்லாம் வாங்கிவிட வேணும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மொடல் காஸ் கிறில் நல்லது, பிட்சா அடுப்பு கட்டலாமா, மேசை கதிரை மரமா பிளாஸ்ரிக்கா, தவணைக்கு எடுக்கலாமா, இவ்வளவும் கேள்வி. தவணை உங்கள் பாடு. மொடல் பெயர் வருசத்துக்கு வருசம் மாறும், அதையும் விடுங்கள். மற்றதைச் சொல்லத்தான் வேணும். புதிதாக வருகிற எங்கள் ஆக்கள் எல்லாரும் விடுகிற பிழையில்தான் நீங்களும் காலை வைக்கிறீர்கள்: கிறிலில் இருந்து தொடங்குகிறீர்கள்.

எங்கள் வீட்டில் கிறில் வருசத்துக்கு எத்தனை நாள் மூட்டுப்படும்? பஸ்குவெத்தா, ஏப்ரல் 25, மே 1, ஓகஸ்ற் 15 ஃபெர்ரகோஸ்தோ. சிசிலிக்காரர் இறைச்சி வாட்டுகிற நாட்கள் இவை, நாங்களும் சேர்ந்துகொள்வோம். மிச்ச நாளெல்லாம் மீன் பொரியல், கருவாடு, மிளகாய்த்தூள் வறுப்பு, சனிக்கிழமை புரியாணி. வீட்டுக்குள் வைத்தால் திரைச்சீலையில் ஒரு கிழமை மணக்கிற சமையல் இதுதான். பலெர்மோவில் பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் நாலு பேர் இருந்த காலத்தில், சூடை பொரித்த அன்று அடுத்த நாள் போடுகிற உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டி வைப்போம். அதனால் வெளியில் முதலில் போகவேண்டியது பொரிக்கிற தாச்சியும் பெரிய சட்டியும்.

அதற்குரிய அடுப்பு இங்கேயே இருக்கிறது. ஃபெர்ராமெந்தா என்கிற இரும்புச் சாமான் கடையில் போய் ‘ஃபொர்னெல்லோனே’ என்று கேளுங்கள். வார்ப்பிரும்பு வளையம், மூன்று நாலு கால், ஒரு திருகு, அவ்வளவுதான். கோடையில் இவர்கள் வருசத்துக்குத் தேவையான தக்காளிச் சல்சாவைக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பது இதில்தான். வீட்டு அடுப்பின் ஆகப் பெரிய சுவாலை பெரும்பாலும் 4 கிலோவாட்டைத் தாண்டாது. இது 8, 10 கிலோவாட் தரும். 10 கிலோவாட்டை முழுதாகத் திறந்தால் மணித்தியாலத்துக்கு முக்கால் கிலோ காஸ் போகும், அப்படியென்றால் 10 கிலோ சிலிண்டர் பதின்மூன்று மணித்தியாலம். கால் உயர்ந்ததை வாங்காதீர்கள். 40 லீற்றர் கிடாரம் நிரம்பினால் நாற்பது கிலோவுக்கு மேல், அது முழங்காலுக்குக் கீழே, அகலக் காலில் நிற்கவேணும்.

வாங்கும்போது வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி சுவாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அதுதான் தெர்மோகப்பிள். நெருப்பு அணைந்தால் காஸை அடைப்பது அதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளியில் வைத்து மூட்டி, திருகைப் பத்து விநாடி அமத்திப் பிடித்து விட்டு, இரண்டு மூன்று நிமிசம் எரியவிட்டு, ஊதி அணையுங்கள். ஒரு நிமிசத்துக்குள் ‘டிக்’ என்று கேட்கவேணும். கேட்கவில்லையென்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். இந்தக் கடற்கரையில் காற்று நெருப்பை அணைப்பது நாளாந்தக் காரியம்.

கொத்துரொட்டிக்கும் தோசைக்கும் அதே அடுப்பின் மேல் 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு போடலாம். வளையத்தை முழுக்க மூடிப் போடாதீர்கள். சூடு மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பி, திருகையும் ரப்பர் குழாயையும் பதம் பார்க்கும். தகட்டுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி வைத்துத் தாங்கி வையுங்கள்.

இனி காஸ். இதை இரண்டு தரம் வாசியுங்கள். ஜேர்மனியில், சுவிசில் இருக்கிற மச்சான்மார் பழைய கிறிலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து “வைச்சிருங்கோ” என்று இறக்கிவிட்டுப் போவார்கள். மனம் பெரிது, ஆனால் அந்த நாட்டுக் கிறில் 50 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்தது. இத்தாலியில் 28-30/37, அதாவது பியூட்டேனுக்கு முப்பதுக்குக் கிட்ட, புரோப்பேனுக்கு 37. இங்கத்தை ரெகுலேற்றரைப் போட்டால் நெருப்பு சோர்ந்து மஞ்சளாகும். சரி, அவர்களுடைய ரெகுலேற்றரோடேயே இருக்கட்டும் என்று விட்டு, பிறகு ஒரு நாள் அதே ரெகுலேற்றரை இங்கே வாங்கின அடுப்பில் மாட்டினால் சுவாலை அளவுக்கு மீறிச் சீறும். உள்ளே காஸ் வருகிற ஊசித்துளையே வேறு அளவு. அடுப்பின் பின்பக்கத் தகட்டில் எண் அடித்திருக்கும். எண்ணைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லுங்கள்.

ரப்பர் குழாயில் ‘தா சொஸ்திதுயீரே எந்த்ரோ’ என்று எழுதி ஒரு வருசம் அச்சடித்திருக்கும். அந்த வருசத்துக்குள் மாற்றவேணும் என்று அர்த்தம். வீட்டுக்காரர் விட்டுப்போன குழாயாக இருந்தால் முதல் வேலையாக அந்த வருசத்தைத் தேடுங்கள். மாட்டின பிறகு சவர்க்காரத் தண்ணி பூசிக் குமிழி வருகிறதா பாருங்கள், நெருப்புக்குச்சியோடு தேடாதீர்கள். இந்தக் காஸ் காற்றை விடப் பாரமானது, ஒழுகினால் தவழ்ந்து பள்ளத்துக்குப் போகும். மொட்டைமாடித் தண்ணி போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் சிலிண்டர் வேண்டாம். நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

மின்சாரக் கிறிலைப் பற்றி யாராவது சொன்னால்: இங்கே பெரும்பாலான வீட்டுக்கு 3 கிலோவாட் ஒப்பந்தம்தான். கிறில் 2.2, ஏசி ஒன்று, சலவை இயந்திரம் சுற்றத் தொடங்கினால் மீற்றர் விழும். அவ்வளவுதான் அதில் கதை.

வெயிலை நினைத்துச் சாமான் வாங்குகிறீர்கள், இந்த ஊரில் சாமானைத் தின்கிறது உப்பு. ஜூனில் இருந்து ஓகஸ்ற் வரை பெரிதாக மழை இல்லை, கழுவிவிட ஆளில்லாமல் உப்பு படிந்துகொண்டே இருக்கும். கூரைக்குக் கீழே பத்திரமாக வைத்த கிறில் வெட்டவெளியில் நின்றதை விடக் கெதியாகக் கறள் பிடிக்கிறதென்றால் காரணம் இதுதான். கடைக்குப் போகும்போது குளிர்பெட்டியில் ஒட்டுகிற ஒரு காந்தம் கொண்டுபோங்கள். மூடியில் இறுக ஒட்டினால் அது 430 வகை மலிவு எவர்சில்வர், கடலோரத்தில் நிற்காது. 304 ஒட்டாது, அல்லது மெல்ல ஒட்டும். 316-இல் மொலிப்டினம் கலந்திருக்கிறது, உப்பை அதுதான் தாங்கும், ஆனால் விலை. காந்தத்தால் 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது, அதற்குப் பத்திரம் கேளுங்கள். மூடி பளபளப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், உள்ளே எரிகிற குழாய்களில் காந்தத்தை வையுங்கள். முதலில் ஓட்டையாவது அவைதான்.

கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணித் துணியால் துடைத்து, காயவிட்டு மூடுங்கள். பக்கத்து வீட்டு அம்மா எல்லாவற்றையும் கந்தெஜ்ஜீனாவால், அதாவது பிளீச்சால், துடைப்பா, உங்களுக்கும் அதையே சொல்லித்தருவா. நிலத்துக்குச் சரி. அதில் குளோரின், எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

எங்கே வைப்பது? மூடியுள்ள காஸ் கிறிலுக்குப் புகை போகிற வழி பின்பக்கம். காற்றுப் பின்னால் இருந்து அடித்தால் அந்த வழி அடைபட்டு, சூடு முன்னால் திருகுகளின் மேல் இறங்கும், பிளாஸ்ரிக் உருகும். இந்தக் கரைக்கு மயெஸ்த்ராலே என்கிற காற்று வடமேற்கில் இருந்து, கடல் பக்கமாக வரும். அதனால் கடலுக்கு முதுகு காட்டி நின்று சமைக்கிற மாதிரி வையுங்கள். காட்சி போய்விடும், திருகு மிஞ்சும். தெற்கில் இருந்து ஷிரோக்கோ என்கிற சுடுகாற்று அடிக்கிற நாளில் கரியும் விறகும் மூட்டவே வேண்டாம். 2021 ஓகஸ்ற் 11-ஆம் திகதி சிரகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 பாகை பதிவான தீவு இது, பொறி பறந்தால் மலையே எரியும்.

கரிதான் ருசி என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் முதலில் வீட்டு ஒப்பந்தத்தையும் கட்டட ஒழுங்குவிதியையும் பாருங்கள், பல கட்டடங்களில் மாடியில் கரி தடை. விதியில் இல்லாவிட்டாலும் சிவில் சட்டம் 844-ஆம் பிரிவு இருக்கிறது: சகிக்கத்தக்க அளவை மீறின புகையை அயலவர் தடுக்கலாம். தெருமுனையில் ஸ்திக்யோலாக்காரன் ஆட்டுக்குடலைப் புகைத்துக்கொண்டு நிற்பான், அதை ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உங்கள் மீன்புகைக்கு யன்னல் அடித்துச் சாத்துப்படும். இதை இனவாதம் என்று எங்கள் சிலர் பெரிதுபடுத்துகிறார்கள். சில இடத்தில் அப்படியும் இருக்கலாம். எனக்கு உதவினது, மூட்டுவதற்கு முதல் நாள் மேல்வீட்டுக்குச் சொல்வதும், முதல் தட்டை அங்கே கொடுத்துவிடுவதும்.

பிட்சா அடுப்பு கட்டுவதை மறந்துவிடுங்கள். செங்கல் அடுப்பு அரைத் தொன்னுக்கு மேல் வரும். பழைய மாடி அதைத் தாங்குமா என்று எஞ்சினியர் எழுதித் தரவேணும், வாடகை வீட்டில் அது நடக்காது. ஆசை விடவில்லையென்றால் தூக்கிவைக்கிற காஸ் அடுப்பு வாங்குங்கள். கல் 400 பாகைக்கு வந்த பிறகுதான் மாவை வைக்கவேணும், அதற்கு இருபது, முப்பது நிமிசம் ஆகும். லண்டனில் இருந்து வருகிறவர்கள் ஐந்து நிமிசத்தில் வைத்துவிட்டு, அடி வேகவில்லை, மேல் கருகிவிட்டது என்று அடுப்பைத் திட்டுவார்கள்.

மேசைக்கு வருவோம். எங்கள் சாப்பாட்டுக்கு வெள்ளைச் சலவைக்கல் சரிவராது, புளியும் தேசிக்காயும் பட்ட இடம் மங்கிப்போகும், பிறகு கல்லைத் திரும்ப மினுக்கினால்தான் மீளும். காசு இருந்தால் எத்னா எரிமலைக் கல்லில் மினுக்கம் பூசிச் சுட்ட மேசை. வெயில், உப்பு, சுடுசட்டி, மஞ்சள், எதுவும் அதை ஒன்றும் செய்யாது. 3 சென்ரிமீற்றர் தடிப்பில் சதுரமீற்றருக்கு எண்பது கிலோவுக்கு மேல் பாரம், ஆகவே இடத்தை முதலிலேயே தீர்மானியுங்கள். காசு இல்லையென்றால் பூச்சடித்த அலுமினியம். வெள்ளைப் பிளாஸ்ரிக்கும் சில வருசம் ஓடும். மஞ்சள் கறை பட்டால் தேய்த்துச் சாகாமல் கழுவிவிட்டு வெயிலில் விடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெயிலே தின்றுவிடும். கதிரைக்கு அலுமினியச் சட்டமும் வலைத்துணியும். கறுப்பு இரும்புக் கதிரையில் ஜூலை மத்தியானம் அரைக் காற்சட்டையோடு இருந்து பாருங்கள், தெரியும்.

குடையில் துணியை விட அடிப்பாரம் முக்கியம். நடுக்கம்பு 3 மீற்றர்க் குடைக்கு 40, 50 கிலோ, பக்கக் கம்பில் தொங்குகிற பெரிய குடைக்கு அதன் இரண்டு மடங்கு. உச்சியில் காற்றுப் போகத் துவாரம் இருக்கட்டும். துணி, நூலிலேயே சாயம் ஏறின அக்ரிலிக். பொலியெஸ்ரர் சில கோடையில் வெளுத்து, விரலால் குத்தினாலே கிழியும். எழும்பிப் போகும்போது மடித்துவிட்டுப் போங்கள்.

ஊரில் நாங்கள் குசினி என்கிறோம், இவர்கள் குச்சீனா என்கிறார்கள். போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போன சொல்லாம், லத்தீனில் இருந்து இரண்டு பக்கமும் வந்தது. வெளியில் இருக்கிற குசினியை ‘குச்சீனா எஸ்தீவா’ என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் ஃபெர்ராமெந்தாக்காரருக்கு நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று உடனே விளங்கும்.

பஸ்குவெத்தா திங்கட்கிழமை. ஞாயிறும் இறைச்சிக்கடை பூட்டு, சனிக்கிழமை கூட்டம் அலைமோதும், ஆகவே வெள்ளியே போங்கள். ஆட்டிறைச்சி என்று பொதுவாகக் கேட்காமல் ‘கஸ்த்ராத்தோ’ என்று கேளுங்கள், எங்கள் வாய்க்குக் கிட்ட வருகிற முற்றின ஆட்டிறைச்சி அதுதான். இரண்டு விரல் தடிப்பில் வெட்டச் சொல்லுங்கள்.