அத்திக் குச்சிக்குத் தலை எது, கால் எது?

அன்புள்ள ஐயா,

மொட்டை மாடித் தோட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். தை மாதக் கடைசியில் உறவினர் ஒருவர் புனேயிலிருந்து சீமை அத்திக் குச்சிகள் ஆறு கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் ஒரு சாண் நீளம். இரண்டு முனையும் ஒரே மாதிரி நறுக்கியிருந்தது. செம்மண்ணும் மணலும் கலந்து பைகளில் நட்டேன். மூன்று வாரம் ஆகிறது. நான்கு குச்சிகள் நன்றாகத் துளிர்த்துவிட்டன. ஒன்றில் துளிர் கீழ்நோக்கிக் கிளம்பி, கொக்கிபோல வளைந்து மேலே வருகிறது. இன்னொன்றில் அசைவே இல்லை. தலைகீழாக நட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. என் மாமியார், "முருங்கைப் போத்தை எப்படி வேணா ஊனலாம், அது பாட்டுக்கு வரும்" என்கிறார். பிடுங்கித் திருப்பி நடலாமா? துளிர்த்ததை எப்போது தொட்டிக்கு மாற்றுவது?

ம., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

துளிர் கொக்கிபோல வளைகிறது என்று எழுதினீர்களே, அதுவே போதும். அந்தக் குச்சி தலைகீழாகத்தான் நிற்கிறது. மரத்தில் இருந்தபோது எது மேல்பக்கமோ, அதைப் பார்த்துத்தான் மொட்டு உட்கார்ந்திருக்கும். முதலில் அந்தப் பக்கமே கிளம்பும். அப்புறம்தான் மேலே திரும்பும்.

அசையாத குச்சியை இப்போதே சோதித்துவிடலாம். மண்ணுக்கு மேலே தெரியும் ஒரு கணுவைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலை உதிர்ந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அதை ஒட்டி ஒரு மொட்டு. கணுவைச் சுற்றி மோதிரம்போல மெல்லிய கோடு ஒன்றும் ஓடும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தழும்பு கீழே, மொட்டு அதற்கு மேலே என்றால் நீங்கள் நட்டது சரி. மொட்டு கீழே தெரிந்தால் குச்சி தலைகீழ்.

உங்கள் மாமியார் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. முருங்கைப் போத்து நீளமானது. அடி பருத்து, நுனி சிறுத்திருக்கும். யாரும் மாற்றி ஊன மாட்டார்கள். அதோடு மேல் முனையில் சாணியை உருட்டி அப்பிவிடுவார்கள். வெட்டுவாய் காயாமல் இருக்கத்தான் அது. ஆனால் எது மேல் என்பதற்கு அதுவே அடையாளமும் ஆகிவிடுகிறது. கரும்புக் கரணையைப் படுக்கப் போடுவதால் அங்கே இந்தக் கேள்வியே இல்லை. மரவள்ளிக் குச்சியை நட்டு நிறுத்துகிறவர்கள், கண் மேலே பார்க்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பார்கள். ஒரு சாண் அத்திக் குச்சியில் அடிக்கும் நுனிக்கும் பருமனில் வித்தியாசம் தெரியாது. தவறு அங்கேதான் நடக்கிறது.

வெட்டிய பிறகும் குச்சிக்குத் திசை எப்படித் தெரிகிறது? 1870-களில் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோஷ்டிங் என்ற தாவரவியலாளர் வில்லோ மரக் குச்சிகளை ஈரக்காற்று உள்ள ஜாடிக்குள் தொங்கவிட்டுப் பார்த்தார், சிலவற்றை நேராக, சிலவற்றைத் தலைகீழாக. தலைகீழாகத் தொங்கியதில் மேலே இருந்த முனையில் வேர் வந்தது, கீழே துளிர் வந்தது. மரத்தில் எது அடியோ அங்கேதான் வேர். காரணம் பின்னால் தெரியவந்தது. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற பொருள் மொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகிறது. ஒவ்வொரு செல்லும் அதைத் தன் அடிப்பக்கமாகவே அடுத்த செல்லுக்குத் தள்ளிவிடுகிறது. அதற்கான வாசல் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். குச்சியை நாம் கவிழ்த்தாலும் வாசல் உடனே இடம் மாறுவதில்லை. கடையில் வேர்விடும் பவுடர் என்று விற்பதும் இந்த ஆக்சினின் உறவுதான். ஆனால் அதைத் தப்பான முனையில் தோய்த்தால் என்ன பயன்?

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு குச்சியை இப்படி நட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். மண்ணுக்கு அடியில் இருந்த வெட்டுவாய் கறுத்துக் கிடந்தது, அங்கே ஒரு வேர்கூட இல்லை. மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்த கணுவில் மட்டும் நான்கைந்து வெள்ளை வேர்கள். அந்தச் செடி கடைசிவரை சவலையாகவே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

அதனால் அசையாத குச்சியில் நகத்தால் லேசாகப் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. தலைகீழாக இருந்தால் எடுத்து, இரண்டு முனையிலும் கறுத்ததை நறுக்கிவிட்டு, வடியும் பால் உலர்ந்ததும் திருப்பி நடுங்கள். பால் கையில் பட்டால் கழுவிவிடுங்கள். அதோடு வெயிலில் நின்றால் தோல் புண்ணாகும். கொக்கித் துளிர் விட்டதைத் திருப்பினால் துளிர் மண்ணுக்குள் போய்விடும். அதை மெதுவாக எடுத்து, அகலமான தொட்டியில் துளிர் மட்டும் வெளியே தெரியும்படி படுக்க வைத்து, இரண்டு விரல்கடை மண் மூடுங்கள். எது தலை என்று தெரியாத குச்சிக்கும் இதுவே வழி.

துளிர்த்த நான்கையும் தொடவே வேண்டாம். மூன்று வாரத்தில் வந்த இலை குச்சியில் சேர்ந்திருந்த சத்தில் வந்தது. கீழே வேர் இல்லாமலேகூட அப்படித் துளிர்க்கும். இந்த இலையை நம்பித் தொட்டி மாற்றித்தான் பல பேர் செடியை இழக்கிறார்கள். பை ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கட்டும், அப்புறம் மாற்றலாம். அடுத்த முறை ஒரு குச்சியையாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரில் நட்டுப் பாருங்கள், வேர் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். தண்ணீர், விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும். ஈரம் தேங்கினால் குச்சி அழுகிவிடும்.

உறவினரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். வெட்டும்போதே அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் நறுக்கச் சொல்லுங்கள். புனே அத்தி மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கிற வகை. பழத்துக்குள் இருக்கும் விதை வெறும் பொக்கு, முளைக்காது. யாராவது குச்சி வெட்டி நட்டால்தான் அந்த மரத்துக்கு அடுத்த தலைமுறை. மேற்காசியாவில் ஜெரிகோ நகரத்துக்குப் பக்கத்தில் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,400 வருடப் பழமையான கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. அவையும் இப்படிப்பட்ட வகை, மனிதர் குச்சி நட்டே வளர்த்திருக்க வேண்டும் என்று 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு அதை நம்பப் பிடித்திருக்கிறது.

பங்குனி வெயில் ஏறுவதற்குள் பைகளையும் தொட்டியையும் கிழக்குச் சுவர் ஓரமாக, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வேர் தெரிந்ததும் எழுதுங்கள்.