சிறுவர் நாவலின் அமானுஷ்யக் காட்சியைத் திரையில் அப்படியே எடுத்தால் ஏன் எடுபடுவதில்லை?

வாசிக்கும்போது முதுகுத்தண்டைச் சில்லிட வைத்த காட்சி படத்தில் வரும்போது சப்பென்று போய்விடுகிறதே, நூலில் உள்ளபடியே எடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தொகுப்பு செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளபடியே எடுப்பதால்தான் பெரும்பாலும் சப்பென்று போகிறது. எழுத்தில் அச்சம் பிறப்பது பேயின் தோற்றத்தால் மட்டுமன்று. எந்தச் செய்தி யாருக்கு எப்போது தெரியவருகிறது என்ற வரிசையாலும் அது பிறக்கிறது. அந்த வரிசையைத் திரைக்கென்று புதிதாக அடுக்காதவர்கள் தோற்றத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இதற்கு நீல் கெய்மன் 2002-இல் வெளியிட்ட ‘கோரலைன்’ நாவலையும், அதை ஹென்றி செலிக் 2009-இல் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்கும் ஸ்டாப் மோஷன் முறையில் எடுத்த திரைப்படத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரை பேசப் போகிறேன்.

பல குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்ட பழைய வீடொன்றில் குடியேறும் சிறுமி கோரலைன். தாய், தந்தை இருவருக்கும் வேலையே கதி. அந்த வீட்டிலுள்ள ஒரு கதவைத் தாய் திறந்து காட்டும்போது அப்பால் செங்கற்சுவர் இருக்கிறது. பிறிதொரு நாள் கோரலைன் தனியாகத் திறக்கும்போது சுவரைக் காணோம், இருண்ட நடை ஒன்று நீள்கிறது. அதன் மறுமுனையில் அதே போன்ற வீடு, அதே போன்ற தாய்; ‘இன்னொரு அம்மா’ என்று கதையில் அவளுக்குப் பெயர். சமையலறையில் முதுகைக் காட்டி நிற்கும் அந்தப் பெண்ணைக் கெய்மன் அறிமுகப்படுத்தும் விதத்தைக் கவனியுங்கள். பார்க்க அம்மாவைப் போலத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, தோல் காகிதம் போல் வெளுத்திருக்கிறது, உயரமும் ஒல்லியும் கூடுதல், விரல்கள் அளவுக்கு மீறி நீண்டு ஓயாமல் அசைகின்றன, நகங்கள் கருஞ்சிவப்பில் வளைந்து கூராக இருக்கின்றன என்று அடுத்தடுத்து அடுக்குகிறார். அவள் திரும்பிய பிறகுதான் கண்களின் இடத்தில் பெரிய கறுப்புப் பொத்தான்கள் இருப்பது தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியமும் ‘அம்மா’ என்பதிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப்போகிறது. வாசிப்பவரின் மனத்திலோ அம்மாவின் உருவம் முற்றிலும் அழிவதில்லை. வெளுத்த தோலும் நீண்ட விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் இரண்டு உருவங்களையும் சேர்த்தே சுமக்க முடிகிறது.

கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அப்படி ஒரு பெண்ணை நிறுத்திச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால், வெளுப்பும் உயரமும் விரலும் நகமும் ஒரே கணத்தில் கண்ணில் பட்டுவிடும். பார்ப்பவர் ‘இவள் சூனியக்காரி’ என்று முடிவுகட்டிவிடுவார். அவளிடம் உட்கார்ந்து சாப்பிடும் சிறுமி முட்டாளாகத் தெரிவாள். செலிக் செய்தது நேர்மாறானது. படத்தில் இந்த ‘இன்னொரு அம்மா’ முதலில் வரும்போது, பொத்தான் கண்களைத் தவிர, உண்மையான தாயை அச்சாக உரித்து வைத்தது போலவே இருக்கிறாள். இன்னும் சொல்லப்போனால், நன்றாகத் தூங்கி எழுந்த, நல்ல உடை உடுத்திய, சமைப்பதில் விருப்பமுள்ள தாயாக இருக்கிறாள். இரண்டு பேருக்கும் டெரி ஹாட்சரே குரல் கொடுத்திருக்கிறார். நாவல் சில வரிகளில் கொட்டிய உயரத்தையும் ஒல்லியையும் படம் பின்பாதிக்கு ஒத்திவைக்கிறது. சிறுமி மறுத்துப் பேசிய பிறகுதான் அந்த உடல் கண்முன்னே நீளத் தொடங்குகிறது. கடைசியில் ஊசிக் கைகளுடன் சிலந்தியாகவே ஆகிவிடுகிறது.

இதற்காகக் கதையின் எலும்புக்கூட்டையே மாற்ற வேண்டியிருந்தது. நாவலில் கோரலைன் முதன்முறை போய்வரும்போதே விருந்து, பூனை, நாடகக் கொட்டகை, பொத்தான் தைக்கும் பேரம் ஆகிய எல்லாம் முடிந்துவிடுகின்றன. படத்தில் இவை மூன்று பயணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் முறை விருந்து, இரண்டாம் முறை தோட்டமும் எலிகளின் சர்க்கஸும், மூன்றாம் முறைதான் பேரம். முப்பரிமாணப் படம் என்பதால் இன்னொரு வேலையும் செய்தார்கள்: உண்மை வீட்டின் அரங்குகளை ஆழம் குறைத்து நெருக்கடியாகவும், மறுவீட்டின் அரங்குகளை ஆழம் கூட்டி விசாலமாகவும் அமைத்தார்கள். நமக்கே அங்கே போனால் மூச்சு விடுவது எளிதாக இருப்பது போலத் தோன்றுகிறது. ஆசை காட்டாமல் அச்சுறுத்த முடியாது என்பது தூண்டில் போடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே.

ஆனால் இனிப்பை மட்டும் ஊட்டிக்கொண்டே போனால் பார்ப்பவர் அசந்துவிடுவார். அதற்குப் படம் தொடக்கத்திலேயே ஒரு முன்னேற்பாடு செய்துவிடுகிறது. பெயர்கள் ஓடும்போது, ஊசிகளாலான இரண்டு உலோகக் கைகள் ஒரு துணிப்பொம்மையின் வாய்த் தையலைப் பிரித்து, உள்ளே அடைத்திருப்பதை உருவி, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, வேறு முடியும் வேறு பொத்தான்களும் வைத்துத் தைத்து, கோரலைனின் சாயலில் ஒரு பொம்மையைச் செய்து முடிக்கின்றன. பின்னணியில் புருனோ கூலேயின் இசையில் எந்த மொழி என்றே பிடிபடாத சொற்களைக் குழந்தைகள் பாடுகிறார்கள். யாருடைய கைகள் என்று சொல்லப்படுவதில்லை. நாவலில் கோரலைனுக்குத் தெரிவதற்கு முன் நமக்கு அதிகமாக ஒன்றும் தெரியாது; படத்திலோ அவளுக்குத் தெரியாத ஒன்று முதல் நிமிடங்களிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு இன்னொரு அம்மா எவ்வளவு அன்பாகப் பரிமாறினாலும் நம் கண் அவள் கையை விட்டு அகலாது. தழுவல் என்றால் இதைத்தான் சொல்வேன்: நாவலில் வர்ணனைக்குள் இருந்த அச்சத்தைப் படம் பார்வையாளரின் நினைவுக்குள் மாற்றி வைத்துவிட்டது.

பொத்தான் காட்சியையே பார்ப்போம். தங்கிவிட வேண்டுமென்றால் கண்களில் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நாவலில் ஒரு தட்டில் கறுப்பு நூற்கண்டு, நீண்ட வெள்ளி ஊசி, இரண்டு பொத்தான்கள். வலிக்காது என்கிறார் இன்னொரு அப்பா. வலிக்காது என்று பெரியவர்கள் சொல்வது அநேகமாக வலித்தே தீரும் என்பது கோரலைனுக்குத் தெரியும் என்று கெய்மன் ஒரு வரி எழுதுகிறார். என் மகளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் ஊசிக்கு அசரவில்லை. இந்த வரிக்குத்தான் என் கையைப் பிடித்தாள். தடுப்பூசி போட்டுக்கொண்ட எந்தக் குழந்தைக்கும் விளங்கும் வரி அது. திரையில் இதை யார் சொல்வது? பின்னணிக் குரல் வைத்தால் பள்ளி ஆண்டுவிழா நாடகம் போல ஆகிவிடும். செலிக் தட்டை எடுத்துவிட்டு ரிப்பன் கட்டிய பரிசுப்பெட்டியை வைக்கிறார். கறுப்புதான் வழக்கம், வேண்டுமானால் வேறு நிறமும் இருக்கிறது என்று, புடவைக் கடையில் சாயம் காட்டுவது போல, இன்னொரு அம்மா பேசுகிறாள். அப்பா ஊசியின் கூர்மையைப் பற்றி உற்சாகமாக ஆரம்பிக்க, அவள் அவரை அடக்குகிறாள். நாவலில் கதைசொல்லியின் வாயில் இருந்த எச்சரிக்கை, இங்கே உளறி மாட்டிக்கொள்ளும் ஒரு மனிதனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. அனிமேஷனில் பாத்திரத்தின் நடிப்பில் பெரும்பகுதி கண்ணிலும் இமையிலும்தான் இருக்கும். முப்பரிமாண அச்சில் வார்த்த முகங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி உணர்ச்சி காட்டிய படம் இது. அப்படிப்பட்ட படத்தின் மையப் பாத்திரமான இன்னொரு அம்மாவுக்குப் பார்வையே இல்லை. புருவம், வாய், கழுத்தின் சாய்வு ஆகியவை அவள் மனத்தைச் சொல்கின்றன. பொத்தான் மட்டும் எதையும் சொல்லாமல் விளக்கொளியைத் திருப்பி அனுப்புகிறது. எழுத்தில் பொத்தான் கண் ஒரு முறை சொல்லிவிட்டால் பின்னால் மறந்துபோகும். திரையில் அது ஒவ்வொரு சட்டகத்திலும் உட்கார்ந்திருக்கிறது. படத்துக்குக் கிடைத்த இலவச லாபம் அது.

எல்லாவற்றையும் இப்படி இடம் மாற்ற முடியாது. நாவலில் பாதாள அறைக் காட்சி ஒன்று வருகிறது: மாவுப் பிண்டமாகச் சிதைந்துபோன இன்னொரு அப்பா, தன் விருப்பத்தை மீறி ஏவப்பட்டு, கோரலைனைத் துரத்துகிறார். என்னைப் பொறுத்தவரை நூலிலேயே மிகவும் கிலியூட்டும் பக்கங்கள் அவை. படம் அதைக் கைவிட்டு, தோட்டத்தில் பூச்சி வடிவ இயந்திரத்தில் பிணைக்கப்பட்ட அப்பாவாக மாற்றிவிட்டது; ஏவப்பட்டவரின் குற்றவுணர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. இருட்டறை திரையில் ஒன்று தெரியாமல் போகும், அல்லது தெரிய வேண்டுமென்று விளக்குப் போட்டு இருட்டைக் கெடுக்க வேண்டியிருக்கும். மாற்றியது சரியென்றே நினைக்கிறேன், மனம் ஒப்பாவிட்டாலும்.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. எல். ஃபிராங்க் பாமின் ‘ஆஸ்’ என்ற மாய நாட்டைப் பற்றிய 1907-ஆம் ஆண்டு நாவலில் ஓர் இளவரசிக்கு 30 தலைகள்; மனநிலைக்கேற்ப ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிக்கொள்வாள். நூலில் அது அழகுப் பித்தைக் கேலிசெய்யும் நகைச்சுவை. வால்டர் மர்ச் 1985-இல் எடுத்த ‘ரிட்டர்ன் டு ஆஸ்’ படத்தில், தலையில்லாமல் உறங்குபவளிடமிருந்து டோரதி என்ற சிறுமி இரவில் சாவி திருடும் காட்சியாக அது மாறியது. அலமாரித் தலைகள் விழித்துக்கொண்டு அலறும் இடத்தை இரவு வேளையில் தனியாகப் பார்க்க எனக்கே யோசனைதான். மர்ச் அடிப்படையில் ஒலித்துறைக்காரர் என்பது அந்த அலறலில் தெரிகிறது.

செலிக்கின் படத்தில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. கோரலைன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைபி என்ற பக்கத்து வீட்டுப் பையனைப் படம் புதிதாகச் சேர்த்தது; அதில் தவறில்லை. ஆனால் இறுதியில், அந்தக் கதவின் சாவியைத் தேடி வரும், இன்னொரு அம்மாவின் அறுந்த கையை ஒழிக்க அவனே வந்து உதவுகிறான். நாவலில் கோரலைன் தனியாளாகப் பாழுங்கிணற்றின் வாயில் ஒரு காகித மேசைவிரிப்பை விரித்து, பொம்மைகளுக்குத் தேநீர் விருந்து வைப்பது போலக் கிண்ணங்களை அடுக்கி, நடுவில் சாவியை வைத்துவிட்டு, ஒளிந்திருக்கும் கைக்குக் கேட்கும்படி பொம்மைகளிடம் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். கை சாவியின்மேல் பாய்கிறது. விரிப்போடு உள்ளே போகிறது. விரிப்புக்குக் கீழே பள்ளம் இருப்பது நமக்கும் அவளுக்கும் தெரியும், கைக்குத் தெரியாது. கேமராவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதுமான இந்தக் காட்சியைத்தான் விட்டுவிட்டு, சைக்கிளையும் கல்லையும் கொண்டு ஒரு சண்டைக் காட்சியை எடுத்திருக்கிறார்கள்.