ஈரக்கையோட சார்ஜ்ல இருந்த லேப்டாப்பைத் தொட்டுட்டேன், வயித்துல இருக்குற குழந்தைக்கு எதுவும் ஆகுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு ஆறாவது மாசம் நடக்குது. நேத்து பாத்திரம் தேய்ச்சிக்கிட்டே பக்கத்துல லேப்டாப்பை சார்ஜ்ல போட்டு வீடியோ பார்த்துட்டு இருந்தேன், ஈரக்கையோட அதோட மெட்டல் மூடியைத் தொட்டதும் விரலெல்லாம் விர்ருனு இருந்துச்சு, உடனே கையை எடுத்துட்டேன். ஒரிஜினல் சார்ஜர் போயிடுச்சு, இது வேற வாங்கினது. குழந்தைக்கு ஆபத்தா? எங்க வீட்டுக்காரர் குளிக்கும்போது புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு போறார், பெரிய பையன் எக்ஸ்டென்ஷன் போட்டு போனை பாத்ரூம் உள்ளயே சார்ஜ் பண்றான், கேட்டா வாட்டர்ப்ரூஃப் போன்மாங்கறான். இயர்பட்ஸ் போட்டுட்டே குளிக்கிறான் வேற.

பதில்: விர்ருனு ஒரு நொடி இருந்ததோட சரி, கை வெட்டி இழுக்கலை, மயக்கம் வரலை, நெஞ்சு படபடக்கலைன்னா உங்களுக்கும் சரி குழந்தைக்கும் சரி பாதிப்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, இன்னிக்கு நிம்மதியா சாப்பிடுங்க. ஆனாலும் கர்ப்பமா இருக்கும்போது கரண்ட் சம்பந்தமா எது நடந்தாலும் அன்னிக்கே உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தேவைன்னு பட்டா குழந்தையோட இதயத்துடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அனுப்புவாங்க, அதுல வலி எதுவும் கிடையாது. அசைவு குறைஞ்ச மாதிரி தோணினாலோ, வயிறு இறுகி வலிச்சாலோ, தண்ணியோ ரத்தமோ கசிஞ்சாலோ யோசிச்சுட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

அந்த விர்ரு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பூமி இணைப்பு இல்லாத ரெண்டு பின் அடாப்டர்ல நல்ல கம்பெனியோடதா இருந்தாக்கூட ரொம்பக் கொஞ்சமா மின்சாரம் மெட்டல் பாகத்துக்குக் கசியும், பெரும்பாலும் அரை மில்லி ஆம்பியருக்கும் கீழதான், காய்ஞ்ச கையில பெரும்பாலும் தெரியாது, ஈரமா இருந்தா நல்லாத் தெரியும். இதனால உயிருக்கு ஒண்ணும் ஆகாது. சிக்கல் என்னன்னா உள்ள இன்சுலேஷன் கெட்டுப்போன சார்ஜரும் முதல்ல இதே மாதிரிதான் விர்ருங்கும். வெளியில இருந்து பார்த்து ரெண்டையும் பிரிச்சு சொல்ல வழி இல்லை. சார்ஜர் உள்ள சுவர் கரண்ட் ஓடுற பக்கத்துக்கும் நம்ம கைக்கு வர்ற பக்கத்துக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும், மலிவா செய்யறவங்க முதல்ல கை வைக்கிற இடமே அதுதான். அதனால அந்த சார்ஜரைத் தூக்கிப் போட்டுடுங்க, லேப்டாப் கம்பெனியோடதே வாங்குங்க, மூணு பின் கிடைச்சா ரொம்ப நல்லது.

இப்ப உங்க பையன் விஷயம். எனக்கு நிஜமா பயம் குடுக்கறது இதுதான். காய்ஞ்ச தோல் கரண்டை நல்லாவே தடுக்கும், அதோட தடை பல ஆயிரம் ஓம்ல இருந்து லட்சம் ஓம் வரைக்கும்கூட போகும், அதே தோல் ஊறி நனைஞ்சா சுமார் ஆயிரம் ஓமுக்கு இறங்கிடும். சுவர்ல வர்ற 230 வோல்ட்டை ஆயிரத்தால வகுத்துப் பாருங்க, 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடிச்சதை விட முடியாம கை இறுகிக்கும், முப்பதுக்கு மேல போனா மூச்சு விடற தசைகள் பிடிச்சுக்கலாம், அம்பது நூறுன்னு ஏறும்போது இதயம் துடிக்கறதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிச்சிடும், ரத்தத்தை தள்ளாது. அதுவே பவர் பேங்க்கோ போனோட பேட்டரியோ மட்டும்னா அஞ்சு வோல்ட், ஈரத்தோல்ல கணக்குப் போட்டாலும் அஞ்சு மில்லி ஆம்பியருக்கு மேல போகாது, அதுவும் சுவர் வழியா பூமிக்குப் போற பாதையே அங்க கிடையாது. அதனால பேட்டரில ஓடுற ஸ்பீக்கரை உங்க வீட்டுக்காரர் கொண்டு போனா போகட்டும், பாத்ரூம்ல வெச்சு சார்ஜ் மட்டும் போடக்கூடாது. தண்ணில விழுந்தா ஸ்பீக்கர்தான் போகும், அவருக்கு ஒண்ணும் ஆகாது.

சுவத்துக்குப் போற ஒயர் ஒண்ணு கூட இருந்தா கதையே வேற. சார்ஜ்ல இருந்த போனோட குளியல் தொட்டியில இறந்து போனவங்க உண்மையாவே இருக்காங்க, அதுல பல தடவை எமன் போன் இல்லை, தண்ணிக்குப் பக்கத்துல இழுத்துட்டு வந்த எக்ஸ்டென்ஷன் போர்டும் பழுதான சார்ஜரும்தான். ஹேர் டிரையரும் அப்படித்தான், சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் பிளக் சொருகி இருந்தா உள்ள கரண்ட் வந்து நிக்கும், தண்ணில விழுந்தா அடிக்கும். பையன் சொல்ற வாட்டர்ப்ரூஃப்ங்கறது போனுக்குக் குடுத்த சான்றிதழ், அவனுக்கு இல்லை. போன் எவ்வளவு தண்ணி தாங்கும்னு சொல்ற குறியீடுதான் ஐபி, அதுல ஐபி 67னா ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணில அரை மணி நேரம், அவ்வளவுதான் சோதிச்சுப் பார்த்திருப்பாங்க, அதுவும் புது போன்ல. சோப்பு, சுடுதண்ணி, ஆவி எதுவும் அந்தக் கணக்குல வராது. சார்ஜிங் ஓட்டைல ஈரம் இருக்கும்போது சொருகினா உள்ள சூடேறி கருகலாம், கையும் சுடலாம். போன் நனைஞ்சா ஆஃப் பண்ணி, குலுக்கி, காத்தாட ஒரு நாள் வெச்சிடுங்க, அரிசில புதைக்கறதால பிரயோஜனம் இல்லை, தூசிதான் உள்ள போகும். பேட்டரி உப்பின மாதிரி தெரிஞ்சா திரும்ப சார்ஜ் போடவே வேண்டாம்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, வீட்டுல முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அறுத்துடற சுவிட்ச் இருக்கான்னு. ஒயர்ல கரண்ட் அளவுக்கு மீறி ஓடினா தானா விழற சுவிட்ச், எம்சிபி இருக்கே, அது போதுமேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எம்சிபி ஒயரைக் காப்பாத்தறதுக்கு, ஆறு ஆம்பியர் பதினாறு ஆம்பியர்னு ஓடினாத்தான் விழும், மனுஷன் சாகறதுக்கு அதுல நூத்துல ஒரு பங்குகூட தேவை இல்லை. ஆர்சிசிபி வேற வழியா கரண்ட் கசியுதுன்னு தெரிஞ்ச உடனே ஒரு நொடிக்கும் குறைஞ்ச நேரத்துல அறுத்துடும். அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், அப்பப்ப அமுக்கிப் பார்க்கணும், விழலைன்னா அது சும்மா அலங்காரத்துக்குத்தான் இருக்கு.

யாராவது ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி அவங்களையும் தொடக்கூடாது தண்ணியையும் தொடக்கூடாது. அப்புறம் கூப்பிட்டா பதில் இல்லை, மூச்சும் இல்லைன்னா நெஞ்சு நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் இறங்கற மாதிரி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கிக்கிட்டே இருங்க, இன்னொருத்தர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். எழுந்து நல்லாப் பேசினாலும் இடையில மயங்கியிருந்தா, படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தா அன்னிக்கே ஈசிஜி எடுக்கணும். தோல்ல பொட்டு மாதிரி சின்ன புண் இருந்தாலும் காட்டிடுங்க, வெளியில தெரியறதை விட உள்ள அதிகமா வெந்திருக்கலாம்.

இயர்பட்ஸ் விஷயத்துல ஷாக் பயம் வேண்டாம். ஆனா காதுக்குள்ள ஈரத்தை அடைச்சு வெச்ச மாதிரி ஆகி வெளிக்காதுல இன்ஃபெக்ஷன் வரலாம். காது மடலை இழுத்தா வலி, அரிப்பு, நீர் வடியறதுன்னு பையன் சொன்னான்னா காட்டன் பட்ஸ் போட்டு குடையாம காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.