முதலீட்டு வங்கியில் முதல் வேலை. எட்டு மாதத்திலேயே பிடிக்கவில்லை. துறை மாறுவது முட்டாள்தனமா?

முட்டாள்தனம் இல்லை. ஆனால் பிடிக்காதது எது என்று நீங்கள் எழுதவில்லையே. வேலை நேரமா, மேலாளரா, வேலையேவா? எம்.பி.ஏ. முடித்து வளாகத் தேர்வில் மும்பைக்குப் போனவர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நானும் அப்படிப் போனவன்தான். பாந்த்ரா குர்லா வளாகத்தில் ஒரு முதலீட்டு வங்கி, ஐ.பி.ஓ. பிரிவு; அதாவது நிறுவனங்கள் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட உதவும் பிரிவு. ஊரில் நினைப்பதுபோல் அங்கே யாரும் பங்குச்சந்தைத் திரையைப் பார்த்துக் கத்துவதில்லை. பங்கு வெளியிடும் நிறுவனம் முதலில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் தன்னைப் பற்றிய வரைவு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். 'தென்னிந்தியாவின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்று' என்று அவர்கள் பெருமையாக எழுதிக் கொடுத்தால், எந்தக் கணக்கில் முன்னணி என்று கேட்டு, ஆதாரத் தாளை வாங்கி, எண் போட்டு அடுக்குவது என் வேலை. அதுகூடப் பரவாயில்லை. புது வாடிக்கையாளரைப் பிடிக்க எழுபது, எண்பது ஸ்லைடு தயாரிப்போம். நள்ளிரவு தாண்டி மேலிடத்திலிருந்து திருத்தம் வரும்: பதினான்காம் பக்கத்தில் லோகோக்கள் ஒரே கோட்டில் இல்லையாம். விடியவிடிய உட்கார்ந்து சரிசெய்தால், மறுநாள் சந்திப்பில் அந்தப் பக்கம் வரைக்கும் பேச்சே போகாது.

உடம்பு வளையாதவன் என்று என்னைச் சொல்ல சிலர் தயாராக இருப்பார்கள். 2021இல் அமெரிக்காவில் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு ஊழியர்கள் 13 பேர் தாங்களே எடுத்த கணக்கு வெளியே வந்தது: வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை. எங்கள் பிரிவில் அதைப் படித்த யாரும் வியப்படையவில்லை. நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் நான் விலகித்தான் இருப்பேன். பங்கு விற்றுத் தீர்ந்ததும் அங்கே கதை முடிந்துவிடும். அந்த நிறுவனம் பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஆகவே சென்னையில் ஒரு கடன் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு வந்தேன். சம்பளம் ஏறக்குறைய பாதி. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவார்களா என்பதுதான் இங்கே கேள்வி. நூற்பாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் பஞ்சு வரத்து தொடங்கும். பருவத்திலேயே வாங்கி இருப்பு வைப்பார்கள். அதனால் மார்ச் இறுதிக் கணக்கில் கடன் மலைபோல் தெரியும். அதைப் பார்த்து மிரளக்கூடாது. எந்த விலைக்கு வாங்கிய பஞ்சு, இன்றைக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் நான் கடன் கணக்குத் தாளைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முதலாளி பேசாமல் கிடங்குக்குக் கூட்டிப்போனார். பொதியிலிருந்து கொஞ்சம் பஞ்சை உருவி, இரு கைவிரல்களாலும் இழுத்துப் பிரித்து இழை நீளத்தைக் காட்டி, "இதை இந்த விலைக்கு இப்போது வாங்கிக் காட்டுங்கள்" என்றார். எக்செல் அறிவு எதுவும் வீணாகவில்லை. முதலீட்டுக்கு ஏற்றது என்று சொல்லும் மதிப்பீடுகளில் கடைசிப் படி 'பிபிபி மைனஸ்'. அதற்குக் கீழே ஒரு நிறுவனத்தை இறக்கினால் அந்த முதலீட்டுத் தரம் போய்விடும், வட்டி ஏறும். அந்தப் பொறுப்புக்கு மும்பையில் பழகிய கறார் கைகொடுத்தது. எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லவில்லை; பங்கு ஆய்வு, நிறுவனங்களின் நிதிப் பிரிவு என்று போனவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள்.

பணி நியமனக் கடிதத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். ஓராண்டுக்குள் விலகினால் சேரும்போது தந்த போனஸைப் பல இடங்களில் திருப்பிக் கேட்பார்கள்; அதுவும் சில சமயம் வரிப் பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை. உங்கள் கடிதத்திலும் ஓராண்டுதான் என்றால் இன்னும் நான்கு மாதம்தான், பல்லைக் கடித்துக்கொள்ளலாம். முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை வேலை செய்யாமல் போவதற்காகப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கேட்டால் தராதீர்கள்; அப்படி வரி கிடையாது என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுவிட்டது.

வருங்கால வைப்பு நிதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இன்னும் வயிறு எரிகிறது. நான் விலகிய தேதியைப் பழைய அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு தப்பாகப் பதிந்துவிட்டது. அப்போது அதைத் திருத்த வேண்டுமானால், ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழியில் அவர்களும் கையெழுத்திட வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் முடிப்பவர்களுக்கு ஒரு கையெழுத்துக்கு நேரமில்லை. மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை. கடைசியில் அங்கேயே இருக்கும் நண்பன் நேரில் போய் நின்று வாங்கிக் கொடுத்தான். விலகிய பிறகு அந்தத் தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கணக்கில் உடனே பார்த்துவிடுங்கள்.