விமானம் ரத்தானது, கட்டணம் திரும்பியது, இழப்பீடு எங்கே?

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்கு மாலை 5.40 மணி விமானத்தில் நானும் என் மனைவியும் முன்பதிவு செய்திருந்தோம். மறுநாள் காலை மதுரையில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று பகல் 12.30 மணிக்கு, ‘செயல்பாட்டுக் காரணங்களால் விமானம் ரத்து செய்யப்படுகிறது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நாள் காலை 10 மணி விமானத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். அது எங்களுக்குப் பயன்படாது என்பதால் வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. இழப்பீடு கேட்டால், “கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டோம், ரத்துக்கான காரணம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை” என்கிறார்கள். இழப்பீடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? கார் வாடகையையும் கேட்கலாமா?

பதில்: உரிமை உண்டு. கட்டணத்தைத் திருப்பித் தருவதும் இழப்பீடு தருவதும் வெவ்வேறு கடமைகள். முதலாவதைச் செய்துவிட்டதால் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடாது.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதிகளின்படி, ரத்து பற்றிய தகவல் பயணிக்கு எப்போது கிடைத்தது என்பதே முதலில் பார்க்கப்படும். இரண்டு வாரங்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டால், பயணி ஏற்கும் வகையில் மாற்று விமானமோ கட்டணமோ தந்தால் போதும். இரண்டு வாரங்களுக்கும் குறைவாக, ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பாகவேனும் தெரிவித்திருந்தால், பழைய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானத்தைத் தர முன்வர வேண்டும், அல்லது கட்டணத்தைத் திருப்ப வேண்டும். உங்களுக்கோ புறப்பாட்டுக்கு ஐந்து மணி நேரம் முன்னர்தான் செய்தி வந்திருக்கிறது. இந்த நிலையில், நீங்கள் ஏற்றுக்கொள்ளும் மாற்று விமானம் கிடைக்காவிட்டால், முழுக் கட்டணத்தோடு இழப்பீடும் தர வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அந்தக் காலை விமானத்தை நீங்கள் ஏற்றுப் பயணம் செய்திருந்தால் இந்த இழப்பீட்டைக் கேட்க வழி இருந்திருக்காது. பலர் விமான நிலையப் பதற்றத்தில் இதைக் கவனிப்பதில்லை.

தொகை எவ்வளவு என்பதில்தான் நிறையப் பேர் ஏமாற்றம் அடைகிறார்கள். பயண நேரம் ஒரு மணி வரை இருந்தால் ரூ. 5,000, ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை ரூ. 7,500, இரண்டு மணிக்கு மேல் ரூ. 10,000 என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இவை உச்ச வரம்புகள். அந்தத் தொகை, அல்லது ஒருவழிப் பயணத்துக்கான அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும். நீங்கள் அனுப்பியுள்ள டிக்கெட் நகலில் ஒருவருக்கு அடிப்படைக் கட்டணம் ரூ. 3,900, எரிபொருள் கட்டணம் ரூ. 400, எஞ்சியவை விமான நிலையக் கட்டணங்களும் ஜி.எஸ்.டி.யும். புறப்பாடு 5.40, சேருமிடத்தில் 7.05 என்று அச்சிட்டிருப்பதால், இது இரண்டாவது வகை. வானில் பறப்பது ஒரு மணிக்கும் குறைவுதான் என்று நிறுவனம் வாதிட்டால் ஏற்க வேண்டாம். நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பி மறு நிறுத்துமிடம் சேரும் வரையான நேரமே கணக்கு. அப்படியும் ரூ. 7,500-ஐ விட ரூ. 4,300 குறைவு என்பதால், ஆளுக்கு ரூ. 4,300 வீதம் இருவருக்கும் சேர்த்து ரூ. 8,600 கேட்கலாம்.

இனி ‘கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்’. இயற்கைப் பேரிடர், வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சிக்கல் போன்றவற்றில் இழப்பீடு இல்லை என்பது உண்மைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் தேங்கி, சென்னை விமான நிலையமே மூடப்பட்டது; அன்று கட்டணம் திரும்பப் பெறும் உரிமை மட்டுமே இருந்தது. ஆனால் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்ற இரண்டு சொற்கள் எந்தக் காரணத்தையும் சொல்லவில்லை. என் பார்வையில் அது காரணத்தைச் சொல்லாமல் இருப்பதற்கான வழி. ஊழியர் பட்டியலைச் சரிவரத் திட்டமிடாததும் விமானம் வேறு ஊரில் சிக்கிக்கொண்டதும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகம் சார்ந்தவை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணிநேர வரம்பு விதிகளுக்கு ஏற்பத் தயாராகாமல் இண்டிகோ பெருமளவில் விமானங்களை ரத்து செய்தபோது, 24 மணி நேரத்துக்குள் ரத்தானவற்றுக்கு ரூ. 5,000 முதல் ரூ. 10,000 வரை இழப்பீடு உண்டு என்று அந்த நிறுவனமே அறிவித்ததை எடுத்துக்காட்டலாம்.

ஆகவே, ரத்துக்கான குறிப்பான காரணத்தை எழுத்துமூலம் தருமாறு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் பி.என்.ஆர். எண்ணும், குறுஞ்செய்தி வந்த நேரம் தெரியும் திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்), கேட்கும் தொகையும் இருக்கட்டும். அதே மாலையில் சென்னையிலிருந்து மற்ற விமானங்கள் கிளம்பியிருந்தால் அந்த விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். வானிலையைக் காரணம் காட்டும் வாதம் அங்கேயே தளர்ந்துவிடும். பணத்துக்குப் பதில் பயணக் கூப்பன் தருவதாகச் சொன்னால், நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம்.

கார் வாடகை டி.ஜி.சி.ஏ. விதிக்குள் வராது. அதைச் சேவைக் குறைபாட்டால் ஏற்பட்ட செலவாக, மன உளைச்சலுக்கான தொகையோடு சேர்த்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வாடகை ரசீதும் சுங்கச்சாவடிச் சீட்டுகளும் உங்களிடம் இருந்தால் மட்டுமே அந்தத் தொகையைக் கேளுங்கள்.

கேள்வி: பயண முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டில் அவருடைய கைப்பேசி எண்ணே பதிவாகியிருந்தது. ரத்துச் செய்தி அவருக்குப் போய், எங்களுக்குத் தெரியாமலே விமான நிலையம் சென்றோம். இப்போது நிறுவனமும் முகவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்.

பதில்: கட்டணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, முகவர்கள் அதன் பிரதிநிதிகளாகவே கருதப்படுகிறார்கள். ஆனால் இழப்பீட்டில் சிக்கல் இருக்கிறது. முன்பதிவின்போது போதிய தொடர்பு விவரங்களைத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் எண்ணை முகவரிடம் கொடுத்ததற்கு வாட்ஸ்அப் செய்தி போன்ற சான்று இருந்தால், ஆணையத்தில் முகவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். இனி டிக்கெட் கைக்கு வந்ததும் நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். எண்ணை இட்டுத் தொடர்பு விவரங்களைப் பார்த்து, வேறு எண் இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.