கச்சான் காற்று தந்த குழி

கேள்வி: ஐயா, போன சனிக்கிழமை நண்பருடன் கோல்ஃப் மேட்ச் பிளே (குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம்) ஆடினேன். பதினாறாம் குழியின் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில்) பந்துக்குப் பின்னால் அடையாளமாகக் காசை வைத்து, பந்தை எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன். மட்டையை எடுக்கத் திரும்பியபோது கச்சான் காற்று பந்தை நாலடி உருட்டி, குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்திவிட்டது. பழைய இடத்தில் வைக்கும்படி நண்பர் சொன்னார். பக்கத்தில் நின்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவர், "காற்று நகர்த்தினால் நின்ற இடத்திலிருந்துதான் ஆடவேண்டும்" என்றார். இருவரும் ஏற்றுக்கொண்டோம். அந்தக் குழி எனக்கு. ஆட்டமும் ஒரு குழி வித்தியாசத்தில் எனக்கே. இரவு நண்பர் தொலைபேசியில், "மூத்தவர் சொன்னது பிழை, வெற்றியைத் திருப்பித் தா" என்கிறார். தரவேண்டுமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: தரவேண்டாம். ஆனால் விதியைப் பொறுத்தவரை நண்பர் சொன்னதுதான் சரி.

மூத்தவரைக் குறை சொல்லாதீர்கள். 2018 முடியும்வரை அவர் சொன்னதே விதி. 2019 ஜனவரி 1 முதல், கிரீனில் எடுத்துத் திரும்ப வைத்த பந்தைக் காற்று நகர்த்தினாலும் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். எடுக்காமலே விட்ட பந்து என்றால் இன்றும் நின்ற இடத்திலிருந்துதான் ஆட்டம். நீங்கள் மட்டும் அந்தப் பந்தை எடுத்துத் துடைக்காமல் இருந்திருந்தால் மூத்தவர் சொன்னது பிழையாகியிராது! (கச்சான் என்றதும் கடலை நினைவுக்கு வரும் வெளியூர் வாசகர்களுக்கு: இது எங்கள் பக்கத்து வெப்பக் காற்று.)

பிறகு ஏன் வெற்றி உங்களுக்கு? மேட்ச் பிளேயில் ஒரு சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்று ஆடும் இருவரும் ஒத்துக்கொண்டால், அது பிழையானாலும் அந்தத் தீர்வே நிற்கும். இது இருபதாம் விதி. மூத்தவர் நடுவர் அல்ல. அவர் சொல்லுக்கு வலு வந்தது நீங்கள் இருவரும் தலையாட்டியதால். விதி தெரிந்திருந்தும் "பரவாயில்லை, விடுவோம்" என்று இருவரும் பேசி வைத்திருந்தால் கதை வேறு: இருவரும் தகுதி நீக்கம்.

நண்பர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். "எனக்குச் சம்மதமில்லை, போட்டிக் குழுவின் தீர்ப்பைக் கேட்கப்போகிறேன்" என்று, பதினேழாம் குழியின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) உங்களில் ஒருவர் அடிப்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். குழு பிறகு விசாரித்திருந்தால், பிழையான இடத்திலிருந்து ஆடியதற்காக அந்தக் குழி உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். ஒரு குழி கூடுதலாக வென்று முடித்த நீங்கள் ஒரு குழி குறைவாக முடித்திருப்பீர்கள். நண்பர் தூக்கமில்லாமல் தொலைபேசி எடுத்ததில் வியப்பில்லை.

அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. சீனக்குடாவில் என் மைத்துனர் ஒருமுறை என் பந்தையே தன் பந்தென்று அடித்தார்; அடித்தவர் குழியை இழக்கவேண்டிய பிழை அது. எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் பந்தில் இருந்த என் பேனாப் புள்ளியை உற்றுப் பார்க்கக் கூச்சம். அடுத்த டீயில் அவர் மட்டை "டக்" என்ற பிறகுதான் என் நாக்கு எழுந்தது. மைத்துனர் சிரித்துவிட்டு நடந்தார். அன்றிலிருந்து என் பந்தில் புள்ளி அல்ல, மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவப்பாக மூன்று கோடுகள்.

கேள்வி: எப்படி ஆடுவது என்று சந்தேகம் வந்தால், இரண்டு வழிக்கும் ஒவ்வொன்றாக இரண்டு பந்துகளை ஆடிவிட்டுப் பிறகு கேட்கலாமா? நடுவரே பிழை விட்டால்?
- வாசகி, நிலாவெளி

பதில்: இரண்டு பந்து ஆடுவது ஸ்ட்ரோக் பிளேக்கு (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்துக்கு) மட்டும் உரிய சலுகை. மேட்ச் பிளேயில் கிடையாது, அம்மா. போட்டிக்கு நியமித்த நடுவர் என்றால் அவர் சொன்னபடி ஆடியே ஆகவேண்டும், மேல்முறையீடு இல்லை. அடுத்த அடிக்கு முன் அவரே பிழையை உணர்ந்தால் திருத்தலாம். ஆகவே சந்தேகத்தை அவரிடம் அந்த இடத்திலேயே, மட்டையைத் தூக்குவதற்கு முன் கேளுங்கள்.