முதலில் பிரெட், கடைசியில் முட்டை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஊரை விட்டு வந்து 3 வாரம் ஆகிறது. ஐந்து பேருக்கு ஒரே சமையலறை. சொந்தமென்று ஒரு தவா, ஒரு கத்தி, ஒரு தட்டு. காலை 7 மணிக்கு வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். இனிப்பாக எதையும் அந்த நேரத்தில் வாயில் வைக்க முடியவில்லை. உப்பும் காரமுமாக ஏதாவது வேண்டுமென்று முட்டையும் தக்காளியும் வைத்து டோஸ்ட் செய்து பார்த்திருக்கிறீர்கள். பிரெட் கூழாகிவிட்டது, முட்டை தண்ணீர் விட்டது, போதாக்குறைக்குப் புகை அலாரமும் அலறியது. "அக்கா, 10 நிமிடத்தில் இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா, இல்லை வெறும் வயிற்றோடு போகப் பழகிக்கொள்ளவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெறும் வயிற்றுக்குப் பழக வேண்டாம். நான் பழகிப் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில், காலை 11 மணி வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வரும். வீட்டு நினைப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நினைப்பும் இருந்ததுதான். ஆனால் முந்தின இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட வயிறு அது. 15 மணி நேரம் காலியாகக் கிடந்தால் வேறென்ன செய்யும்? காலையில் சூடாக எதையாவது தின்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கிய வாரமே அந்த அழுகையில் பாதி நின்றுபோனது. மீதிப் பாதிக்கு என்னிடம் செய்முறை இல்லை.

டோஸ்டுக்கு இருக்கிறது. உங்களுக்கு எங்கே தவறியது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? "தக்காளியை நறுக்கி முட்டையில் போட்டு அடித்து ஊற்றினேன்" என்கிறீர்கள். கோளாறு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

100 கிராம் தக்காளியில் ஏறக்குறைய 94 கிராம் தண்ணீர். நடுத்தரத் தக்காளி ஒன்றை முட்டைக்குள் போட்டால், ஆறு மேசைக்கரண்டித் தண்ணீரை ஊற்றியதற்குச் சமம். அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டுமென்றால் 100 டிகிரி வரை சூடாக்கிக் கொதிக்கவைக்க வேண்டும். முட்டையோ அவ்வளவு பொறுக்காது. வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கிலேயே கட்டியாகத் தொடங்கிவிடும், மஞ்சள் கரு 70க்குள் இறுகிவிடும். ஆகவே தக்காளித் தண்ணீர் வற்றும்வரை நீங்கள் காத்திருந்தால், முட்டை ரப்பராகித் தன்னிடமிருந்த நீரையும் பிழிந்து வெளியே விடும். காத்திருக்காமல் எடுத்தால், அந்தத் தண்ணீர் பிரெட்டில் இறங்கும். எந்தப் பக்கம் போனாலும் கூழ்தான்.

பிரெட்டின் கதையும் இதேதான். அது பொன்னிறமாகி அந்த டோஸ்ட் மணம் வர வேண்டுமென்றால், மேற்பரப்பு 140 டிகிரி வாக்கில் சூடேற வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது 100ஐத் தாண்டாது. ஈரப் பிரெட்டைத் தவாவில் எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டு நின்றாலும் அது வேகுமே தவிர முறுகாது.

ஆகவே சூட்டு வரிசையில் போங்கள். அதிகச் சூடு கேட்பது பிரெட், அது முதலில். அடுத்தது தக்காளி. குறைந்த சூடு போதும் என்பது முட்டை, அது கடைசியில். ஒரே தவா, நடுவில் கழுவ வேண்டாம்.

இரண்டு துண்டு பிரெட், 2 முட்டை, நடுத்தரத் தக்காளி ஒன்று, சின்ன வெங்காயமாக இருந்தால் நான்கு, பெரிதானால் கால் பங்கு, பச்சை மிளகாய் ஒன்று அல்லது கால் தேக்கரண்டி மிளகாய்த் தூள், உப்பு, மிளகு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாவற்றையும் நறுக்கி முடித்துவிடுங்கள். அடுப்பை எரியவிட்டு வெங்காயம் உரிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. அதனால் கருகிய பிரெட்டுகளை எண்ணி மாளாது.

மிதமான சூட்டில், எண்ணெய் இல்லாமல், பிரெட்டை இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். பக்கத்துக்கு 2 நிமிடம் ஆகும். எடுத்ததும் தட்டில் படுக்கப் போடாதீர்கள். சூட்டுப் பிரெட்டிலிருந்து ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். படுக்கப் போட்டால் அது தட்டில் வியர்த்து அடிப்பக்கத்தை நமுத்துப்போகச் செய்யும். இரண்டு துண்டுகளையும் கூடாரம்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்துங்கள், அல்லது ஒரு குவளையில் சாய்த்து வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்தவர்களும் செய்யாதவர்களும் தின்பது வேறு வேறு டோஸ்ட்.

அதே தவாவில் எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு நிமிடம் கழித்துத் தக்காளி, கூடவே உப்பு. உப்பை இந்த இடத்திலேயே போட வேண்டும், அது தக்காளியின் நீரை விரைவாக வெளியே இழுக்கும். முதலில் தவா முழுக்கச் சலசலவென்று நீர் பரவும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. கரண்டியின் முதுகால் மசித்துக்கொண்டே இருங்கள். சத்தம் மாறுவதைக் கேட்க வேண்டும்: கொதிக்கிற களகளப்பு அடங்கி, எண்ணெயில் பொரிகிற சிடுசிடுப்பு தொடங்கும். அப்போது கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அப்படியே திறந்து நின்றால் தக்காளி தயார். 3 அல்லது 4 நிமிடம் ஆகும். மிளகாய்த் தூள் போடுகிறவராக இருந்தால் அதைத் தக்காளியில் ஈரம் இருக்கும்போதே தூவுங்கள். காய்ந்த எண்ணெயில் தூவினால் ஐந்து பேர் வீடு முழுக்க இருமும்.

இப்போது அடுப்பை அணையுங்கள். ஆம், முட்டை ஊற்றுவதற்கு முன்பே. உங்களுடையது கண்ணாடிப் பரப்புள்ள மின்சார அடுப்பு என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பு வளையம் தெரிகிறது என்பதால் அது இண்டக்‌ஷன் அல்ல. அந்த அடுப்பு சூடேறச் சோம்பல் படும், ஆறுவதற்கும் சோம்பல் படும். அணைத்த பிறகும் சில நிமிடம் சூடு இருக்கும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், முட்டைக்கு மட்டும் அதுவே வரம். லேசாக அடித்த முட்டையை ஊற்றி, பத்து எண்ணும்வரை தொடாமல் விட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக இழுங்கள். பெரிய பெரிய மடிப்புகளாகத் திரளும். நீராக எதுவும் ஓடவில்லை, ஆனால் மேலே பளபளப்பு இருக்கிறது என்ற நிலையில் இறக்கிவிடுங்கள். தட்டுக்குப் போன பிறகும் அது கொஞ்சம் இறுகும். மென்மையான முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் இன்னும் ஒரு நிமிடம் விட்டு, முழுதாக வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது.

நிறுத்தி வைத்த பிரெட்டின்மேல் குவித்து, மிளகை அப்போதுதான் இடித்துத் தூவி, உடனே சாப்பிடுங்கள். "உடனே" என்பதும் செய்முறையில் சேர்த்தி. 5 நிமிடம் கழித்துச் சாப்பிடுகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. பஸ்ஸில் போய்த்தான் சாப்பிட முடியும் என்கிற நாளில், முட்டையைக் கிளறாமல் அடையாக விட்டு, நான்காக மடித்து, இரண்டு பிரெட்டுக்கும் நடுவில் வைத்துக் காகிதத்தில் சுற்றுங்கள். அலுமினியத் தாள் ஆவியை உள்ளேயே பிடித்து வைத்துப் பிரெட்டை நனைத்துவிடும்.

அலாரத்துக்கு வருகிறேன். அதில் உங்கள் அக்கா அனுபவசாலி. என் முதல் குளிர்காலத்தில், காலை 6.30க்கு, தவாவை முழு வேகத்தில் காயவைத்துவிட்டுத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். புகை வந்தது. அதை வெளியேற்றும் அவசரத்தில் நான் திறந்தது ஜன்னலை அல்ல, நடைபாதைப் பக்கம் இருந்த கதவை. அறையில் இருந்த அலாரம் அறையோடு நின்றிருக்கும். நடைபாதையில் இருந்தது கட்டடம் முழுவதற்குமானது. நான்கு மாடிக்காரர்களும் இரவு உடையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, பனியில் வந்து நின்றார்கள். நான் கையில் கரண்டியோடு நின்றேன். யார் காரணம் என்று எவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆகவே: ஜன்னலை அடுப்புப் பற்றவைக்கும் முன்பே திறவுங்கள், கதவைச் சாத்தியே வையுங்கள். அடுப்புக் குமிழில் 9 வரை எண் இருந்தால் 5ஐத் தாண்டாதீர்கள். பிரெட் உதிர்த்த துகள்களை எண்ணெய் விடும் முன் துடைத்து எடுங்கள், பாதிப் புகை அவற்றிலிருந்துதான் வருகிறது. உங்கள் அறைத் தோழர் சொன்னதுபோல அலாரத்தைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடுகிற வேலை மட்டும் வேண்டாம். என்றாவது உண்மையிலேயே தீப்பிடித்தால் ஐந்து பேரையும் எழுப்ப அது ஒன்றுதான் இருக்கிறது. நான்ஸ்டிக் தவாவை வெறுமையாகக் காயவிடுவதும் கூடாது. 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தப் புகை நல்லதல்ல.

அடுத்த வீட்டுக்கு மாறும்போது இண்டக்‌ஷன் அடுப்பு வந்தாலும் வரும். புதுப் பாத்திரம் வாங்குவதற்கு முன், பழைய தவாவின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அதுவே போதும்.

குளிர்காலத் தக்காளி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லாம் பஞ்சுபோல இருக்கிறது" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உண்மைதான். பெரியதாக, அழகாக, ஒரே அளவில் அடுக்கி வைத்திருப்பவற்றில் பெரும்பாலும் சுவை இருக்காது. அந்த மாதங்களில் குட்டித் தக்காளிகளை வாங்குங்கள், அல்லது டப்பாவில் அடைத்த தக்காளியை. டப்பா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நன்கு பழுத்த பருவத்தில் பறித்து அடைத்தது அது, ஜனவரியில் கிடைக்கிற புதுத் தக்காளியைவிட எவ்வளவோ மேல். மீந்ததை டப்பாவிலேயே விடாமல் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுத் தக்காளியை மட்டும் ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். 12 டிகிரிக்குக் கீழே அதன் மணம் மங்கிவிடும்.

விதையையும் அதைச் சுற்றிய வழுவழுப்பையும் தண்ணீர் என்று நினைத்து வழித்து எறியாதீர்கள். தக்காளியின் ருசியைக் கூட்டுகிற குளுட்டமேட் சதையைவிட அந்த வழுவழுப்பில்தான் அதிகம் என்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. தண்ணீரை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.

தனி ஆளுக்கு ஒரு பிரெட் பாக்கெட் முடியாமல் பூசணம் பிடிக்கிறது என்ற புகாருக்கு: வாங்கிய அன்றே பாதியை உறைபெட்டியில் போடுங்கள். தேவையான துண்டை உறைந்தபடியே எடுத்து நேராகத் தவாவில் போடலாம், ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைக்காதீர்கள். பூசணம் பிடிக்காது, ஆனால் அந்தக் குளிரில் பிரெட்டின் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். முட்டைக்கு ஒரே விதி: கடையில் குளிரில் வைத்து விற்றால் நீங்களும் குளிரில் வையுங்கள். கழுவி விற்கப்படும் முட்டையின் ஓட்டில் இயற்கையான மேல்பூச்சு போயிருக்கும்.

10 நிமிடமும் அதிகம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு தக்காளியை வெங்காயத்தோடு இதே முறையில் சுண்ட வதக்கி, ஆறவைத்து, மூடி போட்ட பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புதன்கிழமை வரை தாங்கும். காலையில் இரண்டு கரண்டி எடுத்துச் சூடாக்கி முட்டை ஊற்ற வேண்டியதுதான், 5 நிமிடத்தில் தட்டு கையில். பாட்டிலின்மேல் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஐந்து பேர் ஃபிரிட்ஜில் பெயரில்லாத பொருளுக்கு ஆயுள் ஒரு நாள்.

தவாவைக் கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் ஒட்டியிருக்கும் முட்டை அங்கேயே வெந்து பிடித்துக்கொள்ளும், நீச்ச வாடையும் கிளம்பும். தேய்த்து, துடைத்து, உங்கள் அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போங்கள். பொது மேடையில் விட்டுப்போன நான்ஸ்டிக் தவாவில் அடுத்தவர் எஃகுக் கரண்டியால் என்னென்ன செய்வார் என்பதை மாலையில் வந்து பார்ப்பீர்கள். என்னுடையது முதல் மாதமே அப்படித்தான் போனது.